குட்டி மட்டும் தெரிகிறது, தாய் எங்கே?

கேள்வி: சிறிய மோட்டார் படகில் கரையோரமாகப் போனபோது, கூன்முதுகுத் திமிங்கிலக் குட்டி ஒன்று ஒரே இடத்தில் தனியாக மேலே வந்து வந்து போனது. தாயைக் காணோம். அது அநாதைக் குட்டியா? எவ்வளவு தூரம் நெருங்கலாம்?

பதில்: அநாதையாக இருக்க வாய்ப்பு குறைவு. தாய் பெரும்பாலும் குட்டிக்கு நேர் கீழேயே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். குட்டியால் நீண்ட நேரம் மூச்சடக்க முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். தாயோ கால் மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், அசையாமல் அடியில் கிடக்கும். இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு, தொலைவிலிருந்தே அரை மணி நேரம் பாருங்கள். பெரிய முதுகு எழும். மூன்றாவதாக ஒன்று உடன் வந்தால், அது தாயுடன் இணையக் காத்திருக்கும் ஆணாக இருக்கலாம். குட்டியின் தகப்பன் என்று நினைத்துவிட வேண்டாம்.

தூரம் உங்கள் பகுதிச் சட்டப்படி. ஹவாயில் குறைந்தபட்சம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதல் குட்டி இருந்தால் படகுகள் 300 மீட்டருக்குள் வரக் கூடாது என்கிறது. நாங்கள் சொல்வதும் 300 தான்.

காரணம் மோதல் பயம் மட்டுமல்ல. குட்டி ஈன்று வளர்க்கும் வெப்பக் கடலில் தாய் ஏறக்குறைய எதுவும் உண்பதில்லை. கொழுப்பு மிகுந்த பாலை முழுக்க உடலில் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்தே தருகிறது. ஓய்வு கெட்டால் அந்தச் சேமிப்பு கரையும். மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடா ஆய்வொன்று (2020 வெளியீடு), 100 மீட்டர் தள்ளிப் படகிரைச்சலை ஒலிபரப்பிப் பார்த்தது. 172 டெசிபெல்லில் (நீருக்கடி அளவு இது, காற்றில் சொல்லும் டெசிபெல்லோடு ஒப்பிடக் கூடாது) தாயின் ஓய்வு 30 சதவீதம் குறைந்தது, மூச்சுவிடும் வேகம் இரட்டித்தது. ஆகவே தூரத்தோடு இரைச்சலும் முக்கியம். பழைய, அலறும் இன்ஜின் என்றால் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

பலரும் செய்யும் தவறு, நல்ல படம் கிடைக்க வேண்டுமென்று தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகுவது. அதற்கு அடுத்தது, அவை போகும் திசையில் முந்திச் சென்று குறுக்கே காத்திருப்பது. கியரை அடிக்கடி மாற்றுவதும் பின்னோக்கி ஓட்டுவதும் வேண்டாம்.

குட்டிகளுக்கு ஆர்வம் அதிகம். அதுவாகவே படகருகே வரலாம். அப்போது படகை ஓட்டி விலகப் பார்த்தால்தான் இன்ஜினின் சுழலும் விசிறி இறக்கைகள் அதன் உடலைக் கிழிக்கும். உடனே நியூட்ரல். நீரில் கை விடாதீர்கள், இறங்காதீர்கள். அது விலகிய பிறகு, மணிக்கு 6 கடல் மைலுக்கு மிகாமல், 300 மீட்டர் தாண்டும் வரை மெல்ல நகருங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரிய திமிங்கிலம் எதுவும் எழவில்லை, மூச்சுத்துளைக்குப் பின்னே கழுத்துப் பகுதி குழிந்திருக்கிறது, உடலில் கயிறு சுற்றியிருக்கிறது: இவற்றில் எது தெரிந்தாலும் இடம், நேரம், படத்துடன் கடல்வாழ் உயிரின மீட்பு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கயிற்றை நீங்களே அறுக்கப் போனால், வெளியே தொங்கும் நுனிதான் போகும். இறுகிய பகுதி உடலிலேயே தங்கி, மீட்புக் குழுவுக்குப் பிடிமானமும் இல்லாமல் போய்விடும்.