லக்சம்பர்க் ராணுவத்திடம் டாங்கி, போர் விமானம் எல்லாம் இருக்கிறதா?

இரண்டுமே இல்லை. 1967-இல் கட்டாய ராணுவச் சேவையைக் கைவிட்ட நாடு அது. இன்று ஆயிரம் பேர் அளவிலான படைதான், டீகிர்ஷ் ஊரில் முகாம்.

காலாட்படையின் கையில் நெடுங்காலமாக இருந்து வந்தது ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயுஜி துப்பாக்கி. பார்க்கவே விசித்திரமாக இருக்கும்: தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறை (மேகசின்) விசைக்குப் பின்னால், கிட்டத்தட்ட தோளோரம் செருகியிருக்கும். அதனால் குழல் நீளம் குறையாமலேயே துப்பாக்கி குட்டையாகிவிடுகிறது. உறையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வாகனம் என்றால் நெடுங்காலமாக இருந்து வந்தது அமெரிக்க ஹம்வீ, அப்புறம் ஜெர்மனியின் டிங்கோ 2. டிங்கோ மட்டும் 48 வாங்கினார்கள். யூனிமாக் லாரியின் அடிச்சட்டத்தில் கட்டிய கவச வண்டி இது. கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் பக்கவாட்டில் சிதறட்டும் என்று அடிப்பகுதியை வி வடிவில் அமைத்திருக்கிறார்கள்.

வான்வழிக் கதைதான் வேடிக்கை. 2020-இல் ஒரே ஒரு ஏ400எம் சரக்கு விமானம் வந்து சேர்ந்தது. அதுவும் நிற்பது பெல்ஜியத்தின் மெல்ஸ்ப்ரூக் தளத்தில். பெல்ஜியத்தோடு கூட்டுப் படைப்பிரிவு.

சரி, நேட்டோ ராணுவக் கூட்டணியின் ராடார் விமானங்களில் ஏன் லக்சம்பர்க்கின் சிங்கச் சின்னம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நேட்டோ ஒரு நாடு அல்ல, அதன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய முடியாது. அதனால் ஜெர்மனியின் கைலன்கிர்ஷனில் நிற்கும் அந்த ஏவாக்ஸ் விமானங்கள் லக்சம்பர்க் பெயரில் பதிவாகியுள்ளன. காகிதத்தில் பார்த்தால் பெரிய விமானப்படைதான்!