ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் மாத்திரைக் காலம்: கேள்வி பதில்

(ஏஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோயில், நோய் அடங்கிய பிறகு நீண்ட நாள் மாத்திரை கொடுக்கும் மெயின்டனன்ஸ் கட்டம் பற்றி மட்டும்)

6-எம்பி (மெர்காப்டோப்யூரின்) 50 மி.கி. மாத்திரைதான் கிடைக்குது. பையனுக்கு நாளைக்கு 42 மி.கி. வருதாம். எப்படி வெட்டுறது?

வாரக் கணக்காகப் பாருங்கள். 42 × 7 = 294. ஐந்து நாள் முழு மாத்திரை, இரண்டு நாள் அரை, மொத்தம் 300. அரை எந்தக் கிழமை என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். உடைக்கும்போது கையுறை வேண்டும்; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இந்தக் கட்டத்தின் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை அடங்கி, உயிரே போகும்.

பப்பாளி இலைச் சாறு கொடுத்தா பிளேட்லெட் ஏறுமா?

வேண்டாம். இங்கே பிளேட்லெட் இறங்கினால் மருந்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் 101. பாரசிட்டமால் கொடுத்துட்டு காலையில வரலாமா?

கூடாது. 101 ஒரு தடவை தொட்டாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் உடனே கிளம்புங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் சீழ்கூடப் பிடிக்காது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதை மாத்திரையால் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரி போய் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர், மருந்து எதுவும் வைக்கக் கூடாது.

6-எம்பியைப் பாலோட கொடுக்கலாமா?

பாலில் உள்ள சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த மருந்தை உடைக்கும்; ராத்திரி வெறும் வயிற்றில் என்ற பழைய விதி அதனால் வந்தது. பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சாப்பாட்டோடு கொடுத்ததால் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. மாத்திரை விட்டுப்போனவர்களுக்குத்தான் திரும்பியது. கொடுக்க வேண்டிய மாத்திரையில் கொடுத்தது நூற்றுக்கு 95-க்குக் கீழே போனாலே ஆபத்து கூடுகிறது. இருபது நாளில் ஒன்று விட்டாலே அந்த விளிம்புதான்.

எங்க டாக்டர் வெறும் வயிறுன்னு கண்டிப்பா சொன்னாரே!

முடிந்தால் அப்படியே செய்யுங்கள். அதற்காகத் தூங்கிய பிள்ளையை எழுப்பி, அது வாந்தி எடுத்து, அன்றைய மருந்தே போனால் என்ன லாபம்? உங்கள் வீட்டில் தவறாமல் நடக்கும் நேரத்தைச் சொல்லி டாக்டரிடமே மாற்றி வாங்குங்கள்.

அப்ப டோஸ் ஏத்தியும் வெள்ளணு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கலைன்னா? பால்தானே காரணம்?

முதலில் அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள். பாலைப் பிறகு பார்க்கலாம். ஆரம்ப டோஸுக்கே வெள்ளணு சரிந்தால் அது வேறு கதை: 6-எம்பியை உடம்பு எப்படிக் கையாளும் என்று காட்டும் நட்-15 (NUDT15), டிபிஎம்டி (TPMT) மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். ஆசியர்களிடம் நட்-15 மாற்றம்தான் அதிகம்.

தம்பிப் பாப்பாவுக்குப் போலியோ சொட்டு?

சொட்டு வேண்டாம், ஊசி போடுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) பாப்பாவுக்குப் போடலாம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் கூடாது.

காப்பீட்டு அட்டை?

ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பப்பாளி இலை மாத்திரையா கிடைக்குதே?

மேலே சொன்னதுதான்.

சத்து சிரப்?

லேபிளில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறதா பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் முடக்குவதே அந்த ஃபோலேட் சத்தைத்தான். டாக்டர் எழுதாமல் வாங்காதீர்கள்.