புகையா, பனியா? ஆய்வேட்டில் சான்றும் வாதமும்

கேள்வி: நான் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையைச் சேர்ந்தவள். கல்விமாணிப் (B.Ed.) பட்டத்துக்காகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் மாணவர் இடைவிலகல் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பற்றி, "லயன் குடியிருப்பே இடைவிலகலுக்குக் காரணம். நேர்கண்ட 20 இடைவிலகிய பிள்ளைகளில் 17 பேர் லயத்தில் வசிப்பவர்கள்" என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் ஓரத்தில், "இது விவரணம், வாதம் எங்கே? இது கருதுகோளா, எடுகோளா? சான்று போதாது" என்று குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். வீடு வீடாக ஏறி இறங்கித் தரவு சேர்த்திருக்கிறேன். இன்னும் என்ன வேண்டும்?

பதில்: முதலில், சேர்த்த தரவு வீண்போகாது. ஆனால் மேற்பார்வையாளர் கேட்டது சரியான கேள்வி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே தோட்டத்தில் பாடசாலையை விடாமல் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் லயத்தில் இருக்கிறார்கள்? அங்கேயும் 20க்கு 17 என்றால், விலகியவர்களும் லயத்தில்தான், விலகாதவர்களும் லயத்தில்தான். அப்போது லயம் எதையும் விளக்கவில்லை. தோட்டத்தில் பெரும்பாலானோர் லயத்தில் குடியிருந்தால் யாரைப் பிடித்துக் கேட்டாலும் அந்த விடைதான் வரும். 17 என்பது தரவு. விலகாத பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது சான்றாகும். உங்கள் ஆய்வேட்டில் விடுபட்டிருப்பது இந்த ஒப்பீடுதான்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகள் வருகின்றன. இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை தெரிவது ஏது, அதாவது காரணம். அடுக்களையில் புகை உள்ளபோது நெருப்பும் உண்டு என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. தெரிவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவதை அந்தக் காதை ஏதுவின் குற்றங்களில் ஒன்றாகவே வைக்கிறது. விடியற்காலையில் பொகவந்தலாவை மலைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் 17 இப்போதைக்குப் பனியாகவும் இருக்கலாம்.

பிரித்தானிய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் இதையே வேறு விதமாகப் பிரித்தார். ஒருவர் மறுக்கக்கூடிய கூற்று ஒன்று, அதற்கான தரவு ஒன்று, இரண்டையும் சேர்க்கும் நியாயம் ஒன்று. மாணவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். லயத்தில் இருப்பதால் ஏன் ஒரு பிள்ளை படிப்பை விட வேண்டும்? ஒரே காம்பராவில் சமையலும் தூக்கமும் என்றால் இரவில் படிக்க இடமில்லை என்பதாலா? அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்பதாலா? இரண்டும் வெவ்வேறு நியாயங்கள். முதலாவது உண்மையென்றால் தனி வீட்டுக்குப் போன குடும்பங்களில் இடைவிலகல் குறைய வேண்டும். இரண்டாவது உண்மையென்றால் வீடு மாறியும் பெரிதாக எதுவும் மாறாது. எது உங்கள் நியாயம் என்று எழுதினால்தான் எந்தத் தரவைத் தேடுவது என்று உங்களுக்கே தெரியும். இதை எழுத நாலு நாள் போனாலும் பரவாயில்லை.

அடுத்து, ஓரக்குறிப்பில் உள்ள இரு சொற்கள். கருதுகோள் என்பது நீங்கள் சோதிக்கப் போவது, பிழையாகிப் போக இடமுள்ளது. எடுகோள் என்பது சோதிக்காமல் ஏற்றுக்கொண்டு மேலே போவது. "லயக் குடியிருப்பு இடைவிலகலைக் கூட்டுகிறது" என்பது கருதுகோளாக வேண்டியது. நீங்கள் அதை முடிந்த முடிவாக முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டீர்கள். அப்படி எழுதினால் அது எடுகோள்தான், அதனால்தான் அவர் கேட்கிறார்.

உங்கள் வேலைக்குள் இன்னோர் எடுகோளும் ஒளிந்திருக்கிறது. இடாப்பில் (பாடசாலை வரவுப் பதிவேட்டில்) பெயர் வெட்டப்பட்ட பிள்ளை இடைவிலகிய பிள்ளை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு ஹட்டன் பாடசாலை ஒன்றில் சேர்ந்த பிள்ளையின் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளையின் பெயரும் அப்படித்தான். இலங்கையில் கட்டாயக் கல்வி 5 முதல் 16 வயது வரை. ஆகவே "16 வயதுக்குள், வேறெந்தப் பாடசாலையிலும் சேராமல் நின்றவர்" என்பதுபோல் ஒரு செயல்முறை வரைவிலக்கணம் எழுதுங்கள். அதன்படி 20 பேரையும் மறுபடி பாருங்கள், எண்ணிக்கை மாறலாம். மாறினால் மாறட்டும், மாறியதையே எழுதுங்கள்.

இரண்டாம் அத்தியாயம் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய ஆய்வேடுகளில் 1948 குடியுரிமைச் சட்டம், தோட்ட மக்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எல்லாம் வரிசையாக வரும். அவை நம் மக்களின் வரலாறு, வர வேண்டியவைதான். ஆனால் அவை பின்னணி. 1948இல் பறிபோன குடியுரிமையிலிருந்து இன்று ஏழாம் தரத்தோடு படிப்பை நிறுத்தும் பிள்ளை வரை வர எத்தனையோ படிகள் உண்டு. அந்தப் படிகளைக் காட்டாமல், "எனவே இடைவிலகல் நிகழ்கிறது" என்று "எனவே" மட்டும் போட்டால் வாதமாகாது.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை பற்றிச் சுருக்கமாக. அதே வினாக்கொத்தை அடுத்த மாதம் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே விடை வந்தால் நம்பகத்தன்மை. அது உண்மையில் இடைவிலகலைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. மேலே சொன்ன இடாப்புச் சிக்கல் ஏற்புடைமைச் சிக்கல்.

இப்போது செய்ய வேண்டியது: அதே தோட்டத்தில், அதே வயதில், படித்துக்கொண்டிருக்கும் இன்னும் 20 பிள்ளைகளைச் சந்தியுங்கள். லயத்திலும் தனி வீட்டிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று இரு பக்கமும் எண்ணுங்கள். தனி வீடு கிடைத்த குடும்பத்தில் வெளி வருமானமும் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள், வீட்டின் விளைவென்று நினைத்தது பணத்தின் விளைவாகவும் இருக்கலாம். பிறகு வசனத்தை இப்படித் திருத்தலாம்: "இத்தோட்டத்தில் லயத்தில் வசிக்கும் பிள்ளைகள், தனி வீட்டில் வசிப்போரைவிட அதிகம் இடைவிலகுகின்றனர் என்பது இவ்வாய்வின் கருதுகோள். வீட்டில் படிக்க இடமின்மை இதற்கான காரணமாகக் கருதப்படுகிறது." தரவு வந்தபின் அது சரியென்றும் வரலாம், பிழையென்றும் வரலாம். பிழையென்று வந்தாலும் ஆய்வேடு தோற்றதாகாது, அந்த முடிவையும் மேற்பார்வையாளரிடம் தைரியமாகக் கொண்டுபோங்கள்.