குட்டி இறந்த வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது?

கேள்வி: எங்கள் மூன்று மாதப் பூனைக்குட்டி வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டபடியே கிடந்து இரண்டு நாளில் செத்துவிட்டது. யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கூடப்பிறந்த குட்டி நன்றாக இருக்கிறது. தடுப்பூசி எதுவும் போடவில்லை. வீட்டை டெட்டால் ஊற்றிக் கழுவிவிட்டேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு குட்டி தருகிறார்கள், வாங்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இப்போது வேண்டாம். விஷத்தை அடியோடு மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பூனைப் பார்வோ. இந்த வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் அழிக்கும். மனிதருக்கு வராது, ஆனால் நம் கையிலும் செருப்பிலும் ஒட்டிப் பரவும்.

மிச்சமிருக்கும் குட்டிதான் அவசரம். நோய் வெளியே தெரியப் பத்து நாள் வரை ஆகலாம். தனி அறையில் வையுங்கள், இன்றே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். சொல்லாமல் போனால் கிளினிக்கில் காத்திருக்கும் மற்றப் பூனைகளுக்கும் ஆபத்து. சோறு மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். டிரிப் ஏற்றுவது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

டெட்டாலை இந்த வைரஸுக்கு நம்ப முடியாது, நக்கினால் பூனைக்கும் கேடு. வீட்டுக்குள் இது ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. பிறகு வாசனை சேர்க்காத குளோரோக்ஸ் (குளோரின் பிளீச்) 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, தரை பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். அப்புறம் அலசிக் காயவிட்டுத்தான் பூனையை விட வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிப்பறை அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். மணல் தட்டு, துணிப் படுக்கை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுங்கள். பலகைத் தரையும் முற்றத்து மண்ணும் எவ்வளவு கழுவினாலும் முழுக்கச் சுத்தமாகாது. அதனால்தான் தடுப்பூசியை இத்தனை வலியுறுத்துகிறேன்.

லயத்துக் குட்டி அங்கேயே இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடலாம் என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. இதே ஊசி பூனை ஃபுளூவின் கடுமையையும் குறைக்கும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துக் கூட்டிவாருங்கள். குட்டியைப் பார்க்க அதுவரை லயத்துக்குப் போவதானால், உங்கள் வீட்டுச் செருப்போடு போகாதீர்கள்.