அடுப்பு எரியலாம், தீக்குச்சி உரசக் கூடாது: யூதப் பண்டிகை நாள் கேள்வி-பதில்

யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளைப் பற்றி எழுதியதிலிருந்து வரும் கடிதங்கள் பலவற்றில் ஒரே கேள்விதான்: “பண்டிகை நாளிலும் இதே சட்டமா?” கிட்டத்தட்ட. ஓய்வுநாளுக்கும் பண்டிகை நாளுக்கும் சாப்பாட்டு வேலை ஒன்றைத் தவிர வேறுபாடே இல்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அந்த ஒன்றுக்குள் எவ்வளவு சிக்கல் என்பதைக் கீழே வரும் வாசகர் கேள்விகளில் பாருங்கள்.

இஸ்ரேலில், ஹைஃபாவில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கிறேன். சொந்த ஊர் மட்டக்களப்பு. நான் பார்க்கும் அம்மா சனிக்கிழமை அடுப்புப் பக்கமே போகமாட்டார். ஷவுவோத் பண்டிகையன்று தானே நின்று சூப் வைத்தார். ஆனால் நெருப்புப்பெட்டியை உரசவில்லை, சமைத்து முடிந்த பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. மறதியா?

மறதி இல்லை. சட்டத்தை வரி பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலை வகைகள் 39. சமைப்பதும் நெருப்பு மூட்டுவதும் அவற்றில் அடக்கம். அதனால்தான் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சமைத்துச் சூட்டுத் தட்டின் மேல் வைத்துவிடுகிறார்கள். பண்டிகை நாளில் சமைக்கலாம், சுடலாம், அதற்கு நெருப்பையும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நெருப்பு முன்பே எரிந்துகொண்டிருப்பதாக இருக்க வேண்டும். தீக்குச்சியை உரசினால் இல்லாத நெருப்பைப் புதிதாக உண்டாக்கியதாகிவிடும். அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்பது ரபிகளின், அதாவது யூதச் சட்ட குருமார்களின், வாதம்.

வீட்டில் எங்காவது ஒரு பெரிய மெழுகுவர்த்தி இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்திருக்கும், கவனித்துப் பாருங்கள். ஒரு குச்சியை அதில் காட்டிப் பற்றவைத்து அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். பற்றவைத்த குச்சியை ஊதுவதில்லை, உதறுவதில்லை. ஒரு தட்டில் வைத்துவிடுவார்கள். அது தானாக அணையும். அடுப்பை அணைக்காததும் இதே கணக்குத்தான். அணைப்பதால் எந்த உணவும் வேகப்போவதில்லை, ஆகவே அதற்கு விலக்கு கிடையாது. சும்மா எரிகிறதே என்று மனம் கேட்காத சிலர் ஒரு கெட்டில் தண்ணீரை வைப்பார்கள். குறித்த நேரத்தில் எரிவாயுவைத் தானே நிறுத்தும் கருவியை முன்கூட்டியே பொருத்திக்கொள்பவர்களும் உண்டு.

உங்களுக்கு ஒரு வார்த்தை. யூதரல்லாத உங்களிடம் “அணைத்துவிடு” என்று அவர் நேரடியாகச் சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான். பேசாமல் இருந்தால் உங்கள் மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளியின் தேவை என்றால் கேட்கலாம். கேஸ் கசிவு போல உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் நிற்காது. அவரே எழுந்து அணைத்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். லேவியராகமம் 23-இல் ஓய்வுநாளுக்கு “ஒரு வேலையும்” என்றும் பண்டிகைகளுக்குச் “சாதாரணமான வேலை” என்றும் வருகிறது. மொழிபெயர்ப்பில் வந்த வித்தியாசமா?

நல்ல கண் உங்களுக்கு. எபிரேய மூலத்திலேயே இரண்டும் வேறு சொற்கள். ஓய்வுநாளுக்கு வெறும் “மெலாகா”, பண்டிகைக்கு “மெலேகெத் அவோதா”. யாத்திராகமம் 12:16-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: பஸ்காவின் முதல் நாளிலும் ஏழாம் நாளிலும் அவரவர் சாப்பிடத் தேவையானதை மட்டும் செய்யலாம் என்கிறது. ரபிகள் அந்தச் சலுகையை மற்றப் பண்டிகை நாட்களுக்கும் விரித்தார்கள்.

அதே அதிகாரத்தில் பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கு மறுபடியும் “ஒரு வேலையும்” என்றே வருவதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். அன்று உபவாசம். சாப்பாடே இல்லாத நாளில் சமையலுக்கு எதற்குச் சலுகை? ஓய்வுநாளின் முழுத் தடையும் அன்றைக்கு உண்டு.

உணவுக்கான வேலை கூடும் என்றால் தோட்டத்தில் காய் பறிக்கலாமா? மாவு அரைக்கலாமா? (கோவை)

இரண்டும் கூடாது. ஆனால் ஆட்டை அறுக்கலாம், மாவு பிசையலாம். விசித்திரமாகத் தோன்றும். முதல் நாளே செய்து வைத்தாலும் ருசி கெடாத வேலை எதுவோ அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். சுடச்சுடச் செய்தால்தான் ருசி என்றால் அன்றே செய்யலாம். பயிர் அறுவடையும் மாவு அரைப்பும் பொதுவாகப் பல நாள் தேவைக்குச் சேர்த்துச் செய்கிறவை. அவற்றை அனுமதித்தால் ஜனங்கள் வேலையைப் பண்டிகைக்கென்றே ஒத்திப்போட்டு, நாள் முழுக்க வயலில் கிடப்பார்கள், கொண்டாட்டம் போய்விடும் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் காரணம் சொன்னார். நம் சமையலில் வைத்துச் சொன்னால், இட்லி அவிக்கலாம், மாவாட்ட முடியாது.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகலாமா?

பண்டிகை நாளில் தாராளமாக. சாப்பாட்டுக்காகச் சுமக்கக் கிடைத்த சலுகையை மற்றத் தேவைகளுக்கும் ரபிகள் விரித்துவிட்டார்கள். ஓய்வுநாளில் ஊரைச் சுற்றிக் கம்பி கட்டி எல்லை வகுத்திருந்தால்தான் தெருவில் எதையும் கொண்டுபோகலாம்.

சென்னையிலிருந்து ஒரு டெல் அவிவ் குழுவோடு வேலை செய்கிறேன். செப்டம்பர்-அக்டோபரில் ஆளையே பிடிக்க முடிவதில்லை. நடுவில் ஒரு வாரம் சிலர் பதில் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. நியூயார்க்கில் இருப்பவர்களோ இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காணாமல் போகிறார்கள்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 23, 24 புத்தாண்டு. அக்டோபர் 2 யோம் கிப்பூர். 7-ஆம் தேதி கூடாரப் பண்டிகை தொடக்கம். 14-இல் அதை ஒட்டிய நிறைவுப் பண்டிகை. 7-க்கும் 14-க்கும் இடைப்பட்டவை அரைப் பண்டிகை நாட்கள், “ஹோல் ஹமோயெத்”. அந்நாட்களில் மின்சாரம், வண்டி, போன் எதற்கும் தடை இல்லை. ஆனால் தள்ளிப்போட்டால் நஷ்டம் வரும் என்ற வேலையைத்தான் செய்யலாம். துணி துவைப்பதையும் முடி வெட்டுவதையும்கூட முன்பே முடித்திருக்க வேண்டும். பக்தர் பதில் போடமாட்டார், பக்தியில்லாதவர் போடுவார், நடுவில் இருப்பவர் “இது அவசரமா?” என்று கேட்பார். மூன்றாமவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

நியூயார்க் கதை பழையது. ஒரு காலத்தில் பிறையைக் கண்ட சாட்சிகளை விசாரித்துத்தான் எருசலேமில் மாதப் பிறப்பை அறிவித்தார்கள். அந்தச் சேதி தூர தேசத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பண்டிகை வந்துவிடும். எந்த நாள் சரி என்று தெரியாமல் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். பிற்பாடு நாட்காட்டி கணக்கில் நிலைத்தபோதும் வழக்கத்தை விடவில்லை. புத்தாண்டு மட்டும் இஸ்ரேலிலும் இரண்டு நாள், ஏனென்றால் அது மாதத்தின் முதல் தேதியிலேயே வருகிறது; தூதன் ஊரைத் தாண்டவே நேரமில்லை. யோம் கிப்பூர் எங்கேயும் ஒரே நாள்தான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

பண்டிகை வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமைக்கு எப்படிச் சமைப்பது?

2024 புத்தாண்டில் இதே நிலைமை: அக்டோபர் 3 வியாழன், 4 வெள்ளி பண்டிகை, 5 ஓய்வுநாள். பண்டிகையன்று அன்றைய சாப்பாட்டைத்தான் சமைக்கலாம், மறுநாளுக்குக் கூடாது. அதனால் பண்டிகை தொடங்குமுன், புதன்கிழமையே, ஒரு ரொட்டியும் ஓர் அவித்த முட்டையும் எடுத்து வைத்து ஆசி கூறிவிடுவார்கள். இதற்கு “ஏருவ் தவ்ஷிலின்” என்று பெயர். ஓய்வுநாள் சமையலை புதனே தொடங்கிவிட்டதாகவும், வெள்ளியன்று செய்வது அதன் தொடர்ச்சி என்றும் கணக்கு. அந்த முட்டையை ஓய்வுநாளில் சாப்பிட்டுவிடுவார்கள்.

பண்டிகைச் சட்டத்துக்கென்று தனிப் புத்தகம் இருக்கிறதாமே, அதன் பெயர் “முட்டை” என்பது உண்மையா?

உண்மை. மிஷ்னாவையும் அதன் விளக்கங்களையும் கொண்ட தல்மூதில் “பேய்த்ஸா” என்ற பகுதி. அந்தச் சொல்லுக்கு முட்டை என்றே பொருள். பண்டிகையன்று கோழி இட்ட முட்டையை அன்றே சாப்பிடலாமா என்ற தகராறோடுதான் அது தொடங்குகிறது. பழங்கால ரபிகளின் இரண்டு பள்ளிகளில், வழக்கமாகக் கறார் பேசும் ஷம்மாய் பள்ளியினர் சாப்பிடலாம் என்கிறார்கள். தாராளம் காட்டும் ஹில்லேல் பள்ளியினர் கூடாது என்கிறார்கள். சட்டமானது ஹில்லேல் பேச்சு. ஆகவே அந்த முட்டையைத் தொடாமல் வைத்திருந்து, பண்டிகை முடிந்த இரவு பொரித்துக்கொள்ளலாம். மறுநாள் ஓய்வுநாளாக இருந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை பொறுக்க வேண்டும்.