முதலில் வழக்கு எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 14 வருடம் உழைத்த கிடங்கில், சரக்குக் கணக்கு குறைகிறது என்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மேலாளருக்கு என்மேல் பழைய பகை. விசாரணையில் எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தினார். கோயிலில் பழக்கமான ‘லேபர் கன்சல்டன்ட்’ ஒருவரிடம் 4,500 ராண்ட் கொடுத்தேன். கம்பெனி மூன்று மாதச் சம்பளம் தர முன்வந்தபோது, “ஐந்து வருடச் சம்பளம் வாங்கித் தருகிறேன்” என்று தடுத்துவிட்டார். இரண்டரை மாதமாக “ஃபைல் போட்டாச்சு” என்கிறார்.

பதில்: மேலாளரின் பகை இப்போது எதற்கும் உதவாது. நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள், வேலைநீக்கத்தை எதிர்த்துப் போடும் 7.11 படிவம், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்குப் போனதா என்பதுதான் விஷயம். போயிருந்தால் கே.என்.டி.பி. என்று தொடங்கும் டர்பன் வழக்கு எண்ணும், கம்பெனிக்குப் படிவம் அனுப்பிய அத்தாட்சியும் இருக்கும். இரண்டையும் இன்றே கேளுங்கள். மழுப்பினால், போகவில்லை என்றே வைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். படிவத்துக்குக் கட்டணமே கிடையாது.

போகாவிட்டால், படிவத்தோடு தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் பலம் உண்டா என்று பார்ப்பார்கள். “அவரை நம்பினேன்” என்பது மட்டும் போதாது. வழக்கறிஞரே அசட்டையாக இருந்தாலும் கட்சிக்காரர் தப்பிக்க ஓர் எல்லை உண்டு என்று 1965லேயே சலூஜி என்பவரின் வழக்கில் நீதிமன்றம் சொல்லியாயிற்று. பதிவில்லாத ஆளுக்கு அதைவிடச் சலுகை கிடைக்குமா? அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். எந்தத் தேதியில் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

போயிருந்தாலும் நிம்மதி இல்லை. இப்படிப்பட்டவர்கள் படிவத்தில் தங்கள் போன் எண்ணையும் மின்னஞ்சலையும்தான் எழுதுவார்கள். விசாரணைத் தேதி அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியாது. ஆள் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடியாகும். அதை ரத்து செய்யக் கேட்க, தெரிந்த நாளிலிருந்து 14 நாள்தான். ஆகவே தொடர்பு விவரத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், கொடுத்த அதிகாரப் பத்திரத்தை எழுத்தில் ரத்து செய்யுங்கள். காசு வாங்கும் கன்சல்டன்ட்டுக்கு அங்கே உங்களுக்காக வாதாடும் உரிமையே இல்லை. அதனால்தான் சிலர், சங்கத்தின் ஆள் என்று சொல்லி வாதாட, பெயரளவுக்கு ஒரு தொழிற்சங்கத்தில் உங்களைச் சேர்க்கிறார்கள். பணமும் அவர் கணக்குக்குப் போனால் போனதுதான். வழக்கறிஞர் கையாடினால் அதற்கென்றே இருக்கும் ஃபிடிலிட்டி ஃபண்ட் என்ற நிதி ஈடுகட்டும், இவருக்கு அது பொருந்தாது.

ஐந்து வருடச் சம்பளம் சுத்தப் பொய். உங்களைப் போன்ற வழக்கில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். மீண்டும் வேலை கேட்கலாம், ஆனால் சரக்குக் குறைவு என்ற குற்றச்சாட்டோடு அது எளிதல்ல. படிவம் 30 நாளுக்குள் போகாதிருந்தால், கம்பெனி தர முன்வந்த மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். நான்கு கேட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் படிவத்தைப் போடுங்கள்: சி.சி.எம்.ஏ.வுக்குப் போன தகராறில் செய்த உடன்பாட்டைத்தான் அந்த ஆணையத்தின் தீர்ப்பாக ஆக்க முடியும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே, இன்ன தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள்.

4,500 ராண்டை அப்புறம் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் கேட்கலாம். அங்கே வரம்பு 20,000 ராண்ட்; வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை.