ஒரு சிட்டிகை மகரந்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பது வருடமாக வளர்த்த டைட்டன் ஆரம் (அழுகிய வாடை வீசும் ராட்சதப் பூங்கொத்துச் செடி) முதல் முறையாக மொட்டு விட்டிருக்கிறது. ஒரே பூங்கொத்தில் ஆண் பூவும் பெண் பூவும் இருக்கிறதே, அப்புறம் ஏன் வேறொருவரிடம் மகரந்தம் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் வாழ்த்துகள், ஒன்பது வருடக் காத்திருப்பு சும்மா இல்லை! இது நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு. பாளைக்குள் இருக்கும் நடுத்தண்டின் அடியில் பெண் பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள். பாளை விரியும் முதல் இரவில் பெண் பூக்கள் மட்டும்தான் தயாராக இருக்கும், தண்டு சூடேறி அழுகிய இறைச்சி வாடையைக் கிளப்புவதும் அப்போதுதான். ஆண் பூக்கள் மறுநாள்தான் மகரந்தம் உதிர்க்கும், அதற்குள் பெண் பூக்களின் நேரம் முடிந்துவிடும். தன் மகரந்தம் தனக்கே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. காட்டில் என்றால் வண்டும் ஈயும் வேறொரு பூவிலிருந்து கொண்டுவரும். உங்கள் கண்ணாடிக் கூடத்தில் அந்த வேலை உங்களுடையது. அதனால் மொட்டு தெரிந்த உடனேயே கேட்டு வையுங்கள், பாளை விரிந்த பிறகு தேட ஆரம்பித்தால் அந்த ஒரு இரவு போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய் பிடித்தால் கிழங்கின் சேமிப்பு நிறையக் கரையும். கிழங்கு சிறியதாக இருந்தால் இந்த முறை மகரந்தத்தைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் பெரிய உதவிதான்.

கேள்வி: மகரந்தத்தை எப்படி எடுப்பது, எப்படி அனுப்புவது?

பதில்: பாளையின் அடிப்பக்கத்தில், பின்புறமாக, கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் பாளை எப்படியும் இரண்டொரு நாளில் சாய்ந்துவிடும். வந்து சேர்ந்த மகரந்தத்தை முதல் இரவில் இதே ஜன்னல் வழியாக மெல்லிய பிரஷ்ஷால் சுற்றிலும் எல்லாப் பெண் பூக்களின் நுனியிலும் தடவ வேண்டும். மறுநாள் ஆண் பூக்களுக்குக் கீழே காகிதத்தைப் பிடித்தால் மஞ்சள் மகரந்தம் இழை இழையாக வந்து விழும்.

ஈரம்தான் இதற்கு எதிரி. விழுந்ததை உடனே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். காகிதத்தில் பரப்பி உலர்த்தி, சிறு சிறு பொட்டலமாக மடித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத தனித்தனிக் குப்பிகளில் வையுங்கள். அறைச் சூட்டில் சில நாட்களிலேயே வலு குறைந்துவிடும், உலர்த்தி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்தவர் செடி பூக்கும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஒரே குப்பியாக வைக்காமல் பிரித்து வைப்பதன் காரணம், ஒவ்வொரு முறை வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போதும் ஈரம் ஏறும். நாடு விட்டு நாடு அனுப்புவதானால் அந்த நாட்டின் தாவர இறக்குமதி விதியை முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் மகரந்தம் தருகிறேன் என்கிறார். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் விதை வாங்கினோம். பரவாயில்லையா?

பதில்: நான் போடமாட்டேன். அவை அண்ணன் தங்கையாக இருக்கலாம், அப்படிச் சேர்த்தால் வாரிசுகள் வலுவிழக்கக்கூடும். இந்தச் செடி இயற்கையில் சுமத்ராவில் மட்டும்தான் உண்டு, 2018-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலிடப்பட்டது, காட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே மிச்சம் என்பது மதிப்பீடு. சரி, தோட்டங்களில்தான் நிறைய இருக்கிறதே என்றால், அங்கேயும் நிலைமை கவலைதான். சிகாகோ தாவரவியல் தோட்டமும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 111 இடங்களில் உள்ள ஏறத்தாழ 1,200 செடிகளின் பதிவேடுகளைப் பார்த்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 24 சதவீதம் வேறொரு செடியின் மரபணு நகலாகவே இருந்தன, 27 சதவீதம் நெருங்கிய உறவுச் செடிகளுக்குப் பிறந்தவை. பல பதிவேடுகள் அரைகுறை. எந்தச் செடி யாருக்குப் பிறந்தது என்பதே தெரியாமல் போனால் சரியான ஜோடியைத் தேடுவது எப்படி?

அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்: பொட்டலத்தின் மேல் தாய்ச்செடி எது, தந்தை எது, விதை எங்கிருந்து வந்தது, என்றைக்கு எடுத்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இலைத்துண்டிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ வந்த செடி என்றால் அதையும் எழுதுங்கள். தெரியாததற்கு ‘தெரியாது’ என்றே போடுங்கள், ஊகம் வேண்டாம். விவரமில்லாத மகரந்தத்தை எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: ரஃப்லீசியாவும் இதேபோல் நாற்றமடிக்கும் ராட்சதப் பூதானே, அதற்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அது வேறொரு கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்வது, தொட்டியில் வைத்து வளர்க்கிற விஷயமே அல்ல.

கேள்வி: மகரந்தத்துக்குப் பணம் கேட்கலாமா?

பதில்: அனுப்பும் செலவை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பதிலாக, காய் பழுத்து விதை கிடைத்தால் சிலவற்றை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கிழங்கு ஒருநாள் அழுகிப் போனாலும் அதன் வாரிசு இன்னொருவர் தொட்டியில் இருக்கும்.